பச்சை மரமும் ஏழு ஆம்ப்ளிஃபையர்களும்

இரவு பதினொன்றரை மணிக்குப் பக்கத்து அறையிலிருந்து 'சட்' என்று ஒரு சத்தம். கிதார் ஆம்ப்ளிஃபையரின் வால்வு, அதாவது உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல், ஏதாவது வெடித்துவிட்டதோ என்று பதறி ஓடினேன். எந்த ஆம்ப்ளிஃபையருக்கும் மின்சாரமே கொடுத்திருக்கவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தால், மூன்று வாரம் உழைத்துச் செய்த அலமாரியின் நடுத்தட்டு, முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. அதன் மேல் 57 கிலோ சுமை. அன்றிரவே எல்லாவற்றையும் தரைக்கு இறக்கினோம். மனைவி ஒரு பக்கம் பிடித்தாள். எதுவும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை போல இருந்தது.

என்னிடம் ஏழு ஆம்ப்ளிஃபையர்கள் இருக்கின்றன. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 29 கிலோ, ரோலண்ட் ஜேசி-120 28 கிலோ, வாக்ஸ் ஏசி15 22 கிலோ, ப்ளூஸ் ஜூனியர் 14 கிலோ. இவை போக ஒரு மார்ஷல் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்ளிஃபையர் பெட்டி), கல்லூரி நாளில் வாங்கிய சிறிய ஸ்ட்ரேஞ்சர், மாமாவின் பழைய அஹுஜா. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்ததால், அடியில் இருப்பதை வாசிக்க வேண்டுமென்றால் மேலே உள்ள மூன்றையும் தூக்க வேண்டும். நாளடைவில் மேலே இருப்பதை மட்டுமே வாசிக்கும் வழக்கம் வந்துவிட்டது. அதுதான் என்னைத் தச்சு வேலையில் தள்ளியது.

முதல் தவறு ஏற்காட்டில் நடந்தது. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் மரத்தைப் பார்க்கும்போதெல்லாம், மிளகுக் கொடி சுற்றிய அந்த நெட்டை உடம்பின் மேல் எனக்கு ஓர் ஆசை. மாசிக் கடைசியில், அறுத்து அடுக்கியிருந்த பலகைகள் மலிவாகக் கிடைத்தன. விற்றவர் "நன்றாகக் காய்ந்த மரம்" என்றார், நானும் தலையாட்டினேன். வாடகை வண்டியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் வெயிலில் கொண்டுவந்து போட்டேன். மலையின் ஈரக்காற்றில் கிடந்த மரம் அது. பங்குனி அனலில் நான்கே நாளில் கிண்ணம் போலக் குழியத் தொடங்கியதைப் பார்த்திருந்தும் பார்க்காதவன் போல இருந்துவிட்டேன்.

ஆனால் அழகான மரம். இழைப்புளியை இரண்டு முறை ஓட்டியதும், இளஞ்சிவப்புப் பரப்பில் மீன் செதில் போலச் சின்னச் சின்னப் பளபளப்புகள் எழுந்து வந்தன. சாய்த்துப் பிடித்தால் மின்னும், நேராகப் பிடித்தால் மறையும். அந்த மயக்கத்தில்தான் ஏழு அங்குல அகலப் பலகைகளை இரண்டிரண்டாக ஒட்டி, ஐந்தடி நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் தட்டு போட்டேன். பிளப்பதற்கு முன்பே அது சென்டிமீட்டர் அளவுக்குத் தொய்ந்திருந்ததை நூல் பிடித்துப் பார்த்தபோதுதான் கண்டேன்.

குகைப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். பலகையை விரல் முட்டியால் தட்டினார். "பச்சை மரம் தம்பி. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் கிடக்க வேண்டும். நீங்கள் ஒரு வாரம்கூட விடவில்லை" என்றார். "இப்போது என்ன செய்யலாம் அண்ணா?" என்று கேட்டதற்கு, "பிரித்து அடுக்குங்கள். இடையில் குச்சி வையுங்கள். மறந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

பலகைகளைப் பிரித்து, இடையிடையே குச்சி வைத்து, வீட்டின் வடக்குத் தாழ்வாரத்தில் அடுக்கினேன். மறக்கத்தான் முடியவில்லை. ஒரு பலகையை மட்டும் வாரம் ஒருமுறை பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் மாட்டுவேன். முதல் நாள் 5.3 கிலோ. ஆனி பிறந்தபோது 4.2 கிலோ. அதற்குப் பிறகு மூன்று வாரம் முள் நகரவில்லை. ஒரே பலகையிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீர் போயிருக்கிறது. அதைத்தான் நான் திருகு போட்டு முடுக்கி வைத்திருந்தேன்.

இரண்டாம் முறை முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டேன். தட்டின் நீளம் இரட்டித்தால், அதே சுமைக்குத் தொய்வு எட்டு மடங்காகும். ஆகவே கனத்தைக் கூட்டுவதைவிட நீளத்தைக் குறைப்பதே புத்தி. ஐந்தடியை 34 அங்குலமாக்கினால் தொய்வு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஜேசி-120 தான் இருப்பதிலேயே அகலம், 30 அங்குலம். ஆக 34 அங்குலத்தில் இரண்டு வரிசை, சின்னவற்றுக்கு 22 அங்குலத்தில் ஒன்று.

தட்டுகளுக்கு 18 மி.மீ. பிளைவுட். கடைக்காரர் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட, தண்ணீர் தாங்கும் மரைன் வகையைத்தான் எடுக்கச் சொன்னார். சமையலறைக்கு அது சரி. ஆம்ப்ளிஃபையரை யாரும் கழுவப் போவதில்லை, பொது உபயோகத்துக்கான ஐ.எஸ். 303 போதும் என்று வாங்கினேன். எட்டுக்கு நான்கடியில் மூன்று பலகை. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மூன்றாக அறுத்தால் ஒன்பது துண்டு: நிற்கும் பலகைக்கு நான்கு, தட்டுகளுக்கு நான்கு, மிச்சம் ஒன்று. பசை, திருகு எல்லாம் சேர்த்து ரூ.11,000க்குள் முடிந்தது.

நிற்கும் பலகைகளில் தட்டுகள் உட்கார 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி வெட்டினேன். காடி வெட்டும் ரவுட்டர் இயந்திரத்தில் 18 மி.மீ. பிட் (வெட்டும் அலகு) போட்டு முதல் காடியை வெட்டி, தட்டைச் செருகினால் பல் விழுந்த வாய் போல ஆடுகிறது. அளந்து பார்த்தால் பிளைவுட்டின் உண்மையான கனம் 17.3. அதற்குப் பிறகு 12 மி.மீ. பிட்டை இரண்டு முறை ஓட்டி, ஒவ்வொரு காடியையும் தட்டை வைத்துப் பார்த்தே வெட்டினேன். கொட்டாப்புளியால் லேசாகத் தட்டி உள்ளே இறக்கும்போது காற்று 'உஸ்' என்று வெளியேறினால் காடி சரி என்று அர்த்தம்.

முதுகுப் பலகை போடவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையரின் வேலையெல்லாம் பின்னால்தான்: சூடு அங்கேதான் வெளியேறுகிறது, ஸ்பீக்கர் ஒயர் அங்கேதான் செருகப்படுகிறது. அந்த ஒயர் கழன்ற நிலையில் வால்வு ஆம்ப்ளிஃபையரை இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடலாம். எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் அதை வைப்பது சரியல்ல. ஆனால் முதுகு இல்லாத அலமாரியை நிறுத்தி ஒரு விரலால் தள்ளினேன், திருவிழாத் தேர் போல ஆடியது. கைவசம் மிச்சமிருந்த அந்த ஒன்பதாவது துண்டை நான்கு அங்குல அகலத்தில் மூன்றாகக் கிழித்து, மூன்று தட்டுகளுக்கு அடியில் பின்பக்கமாகக் குறுக்கே அடித்தேன். ஆட்டம் நின்றது. முன்விளிம்புகளுக்கு, காய்ந்து திருந்திய சில்வர் ஓக்கையே இரண்டு அங்குலப் பட்டைகளாக அறுத்து ஒட்டினேன். ட்வினை ஏற்றி நூல் பிடித்தபோது தொய்வு ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தது. மின்னுகிற செதில்களும் கண்ணுக்கு நேராக வந்துவிட்டன.

அடுக்குவதிலும் ஒரு பாடம் கிடைத்தது. மாமா இருபது வருஷம் மெல்லிசைக் குழு நடத்தியவர். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நாட்களில் சுற்றுவட்டாரமெல்லாம் முழங்கிய அஹுஜா அது. மரியாதையாக ட்வினுக்கு நேர் கீழ்த்தட்டில் வைத்து இரண்டையும் போட்டேன். ட்வினிலிருந்து 'ங்ங்ங்' என்று ஓயாத ரீங்காரம். ட்வினில் எதிரொலி போன்ற ரிவெர்ப் ஒலியைத் தரும் சுருள்வில் பெட்டி அடிப்புறத்தில் படுத்திருக்கிறது. அஹுஜாவின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் அதற்குக் கீழேயே வந்ததால் காந்தப்புலம் சுருள்வில் பெட்டிக்குள் போய்விட்டது. ஆக அஹுஜா குறுகிய வரிசையின் அடித்தட்டுக்கு இறங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், பட்டையைத் தடவினார், குனிந்து அஹுஜாவைப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, என் பெட்டியை மட்டும் தரையோடு வைத்துவிட்டாய்?" என்றார். காந்தப்புலம், சுருள்வில் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அந்த வெள்ளைக்காரப் பெட்டியைக் கீழே வை" என்றார்.

தட்டுகளெல்லாம் காடியில் பசை போட்டு இறக்கியவை, நகராது. ட்வினும் 22 அங்குல வரிசைக்குள் நுழையாது. ஸ்ட்ரேஞ்சரைக் கீழே இறக்கிவிட்டு அஹுஜாவை அதே வரிசையின் மேல்தட்டுக்கு ஏற்றலாம். ட்வினிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தால் ரீங்காரம் அடங்குகிறது என்பதை நாளைக்கு ஒயரை நீட்டிப் பார்க்க வேண்டும்.