லேபர் வார்டுக்குப் போன வயிற்று மாத்திரை

எங்கள் மருத்துவமனை ஃபார்மசியில் மிசோபுரோஸ்டால் மாத்திரை இருப்பது பிரசவ மருந்துகளோடு. இது வேண்டும் என்று இண்டெண்ட் சீட்டு எழுதி அனுப்புவதும் லேபர் வார்டுதான். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் "இது முதலில் எதற்காக வந்தது, தெரியுமா?" என்று கேட்பேன். பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்குக்கு என்பார்கள். ஆனால் 1988இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது, வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வயிறு புண்ணாகாமல் தடுக்கத்தான்.

எனக்கு இதன்மேல் கொஞ்சம் பாசம் உண்டு. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எல்லாம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உண்டாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. இதை 1971இல் காட்டிய பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேனுக்கு 1982 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் உள்சுவரில் சளியைச் சுரக்கவைத்து அமிலத்திடமிருந்து காப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். வலி மாத்திரை பறித்துக்கொண்டதை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது மிசோபுரோஸ்டால். இதைவிட நேரான வைத்தியம் என்ன இருக்கிறது?

ஆனால் நாளுக்கு நான்கு வேளை போட வேண்டும். பலருக்கு வயிற்றுப்போக்கு வரும். மூட்டுவலிக்காரரைக் கழிப்பறைக்கு ஓடவைத்தால் யார் தொடர்ந்து சாப்பிடுவார்கள்? கர்ப்பப்பையைச் சுருங்கவைப்பதால் கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. அதே 1988இல் ஸ்வீடனில், வயிற்றில் அமிலம் சுரப்பதையே குறைக்கும் ஒமிப்ரசோல் விற்பனைக்கு வந்தது. நாளுக்கு ஒரு வேளை போதும். அப்புறம் போட்டியே இல்லை.

கர்ப்பப்பையைச் சுருக்கும் அந்தக் குணமே பிறகு மிசோபுரோஸ்டாலுக்கு வாழ்வு கொடுத்தது. பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பையைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்தப் போடும் ஆக்ஸிடோசினுக்கு ஃபிரிட்ஜும் ஊசி போட ஆளும் வேண்டும். இதற்கு இரண்டும் வேண்டாம். ஈரம் மட்டும் ஆகாது. அதனால்தான் நல்ல தயாரிப்புகள் இரண்டு பக்கமும் அலுமினிய அட்டையில் வரும். அட்டையை வெட்டும்போது கத்தரி மாத்திரை இருக்கும் குழியில் பட்டுவிட்டால் அந்த மாத்திரையை ஒதுக்கிவிடுவேன். அவசரத்தில் ரத்தம் நிற்க வேண்டிய இடத்துக்குப் போகிற மாத்திரை அது.

வயிற்றைக் காக்கும் வேலையை இப்போது ஒமிப்ரசோலின் இனமான பான்டோபிரசோல் பார்க்கிறது. ஜனங்கள் வைத்த பெயர் 'கேஸ் மாத்திரை'. அதில்தான் வம்பே. முழங்கால் வலிக்கு வந்த ஓர் அம்மா சீட்டை நீட்டி, "தம்பி, வலி மாத்திரை மட்டும் குடு. எனக்கு கேஸெல்லாம் இல்ல" என்றார்.

"இது கேஸுக்கு இல்லம்மா. வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்காம இருக்க."

"அப்ப ஊசியா போட்டுக்கிட்டா வயித்துல படாதுல்ல?"

நல்ல கேள்வி. ஊசியாகப் போட்டாலும் மருந்து ரத்தத்தோடு போய் இரைப்பையின் காவலை எடுத்துவிடும் என்றேன். அவர் வயது எழுபதை நெருங்குகிறது. இதயத்துக்கு தினமும் ஆஸ்பிரின் வேறு. இப்படிப்பட்டவர்களுக்குப் புண் வந்தாலும் சில சமயம் வலியே தெரியாது. மலம் தார்போலக் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்.

"சரி, குடு. எப்பப் போடணும்?"

"காலையில சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாடி இது. வலி மாத்திரை சாப்பிட்டப்புறம்."

அவருக்குப் பின்னால் நின்றவர் சீட்டே இல்லாமல் இதே மாத்திரையில் ஓர் அட்டை கேட்டார். முந்தின நாள் ராத்திரி கல்யாண வீட்டில் பிரியாணியாம்.