தையலுக்கு முன்பே தள்ளிப்போகும் ஷிப்மென்ட்

திருப்பூரில் ஒரு ஷிப்மென்ட் தள்ளிப்போனால் முதலில் பேச்சு வாங்குவது தையல் செக்‌ஷன்தான். கடைசி வாரம் நைட் ஷிப்ட் ஓடுவது அங்கேதானே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 டி-ஷர்ட் ஆர்டர், ஒரு லைனில் நாளுக்கு 800 பீஸ். முதல் இரண்டு நாள் பாதி அவுட்புட்தான் என்று வைத்தாலும் 14 நாளில் தைத்து முடிந்துவிடும். ஆர்டருக்கு 90 நாள் இருந்தால் மீதி 76 நாள் என்ன ஆனது? அதில் பாதிக்கு மேல் யாரோ ஒருவரின் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களாகத்தான் இருக்கும்.

தாமதம் பெரும்பாலும் முதல் வாரத்து நூல் கணக்கிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பீசுக்கு 200 கிராம் துணி, 3 சதவீதம் கூடுதல் கட்டிங் என்றால் 2,060 கிலோ துணி வேண்டும். நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), டையிங் (சாயம் போடுவது) இரண்டிலும் கழிவு 7 சதவீதம் என்று வைத்தால் வாங்க வேண்டிய நூல் 2,215 கிலோ. கழிவை மறந்து 2,060 கிலோ நூல் வாங்கினால் கைக்கு வரும் துணி 1,916 கிலோதான். 420 பீசுக்கு மேல் குறையும். இது தெரியவருவது கட்டிங் டேபிளில். அதற்குப் பிறகு நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சின்ன லாட்டாக டையிங் போட்டால் முதல் துணியோடு ஷேட் (நிறச் சாயல்) சேராது. டையிங்காரர்களுக்கும் சின்ன லாட் என்றால் கடைசி வரிசைதான்.

அடுத்தது பையரிடம், அதாவது ஆர்டர் கொடுத்தவரிடம், வாங்கும் அப்ரூவல். லேப் டிப் (நிறத்துக்கான சாயத்துண்டு மாதிரி) ஓகே ஆகட்டும், பிறகு பிரிண்ட் ஸ்ட்ரைக்-ஆஃப் (பிரிண்ட் மாதிரி) அனுப்பலாம், அதன் பிறகு லேபிள் ஆர்ட்வொர்க் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போவது, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களின் வழக்கம். மூன்றும் ஒன்றையொன்று நம்பியில்லை. ஒரே கூரியரில் போகலாம். லேப் டிப் ரிஜெக்ட் ஆவதற்குப் பாதி காரணம் வெளிச்சம். பையர் டி65-இல் (பகல் வெளிச்சம் போன்ற விளக்கு) பார்க்கிறாரா, டிஎல்84-இல் (கடை விளக்கு வெளிச்சம்) பார்க்கிறாரா என்று கேட்காமல், டையிங்கில் ட்யூப் லைட்டுக்குக் கீழே மேட்ச் செய்து அனுப்பினால் இன்னொரு ரவுண்டு நிச்சயம். பார்கோடு ஸ்டிக்கர், வாஷ்கேர் லேபிள் விவரங்களைப் பையரே தாமதமாகத்தான் தருவார். கேட்ட தேதியை மெயிலில் பதிந்துவைக்க வேண்டும். ஒரு ஸ்டிக்கர் வராமல் மொத்த ஆர்டரும் பேக்கிங்கில் உட்கார்ந்திருப்பது இங்கே புதிதல்ல.

ஃபாலோ-அப் செய்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போன் போட்டு "துணி ரெடிங்களா?" என்று கேட்டால் "நாளைக்கு வந்துருமுங்க" என்றுதான் பதில் வரும். பொய் என்று சொல்ல முடியாது, அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். "மொத்தம் 90 ரோலுங்களே, காம்பாக்டிங் முடிஞ்சது எத்தனைங்க?" என்று, துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் கடைசி வேலையைப் பற்றிக் கேட்டால் அவர் எழுந்துபோய் எண்ணித்தான் ஆக வேண்டும். 25 என்று பதில் வந்தால் நாளைக்கு வராது என்பது இருவருக்குமே தெரிந்துவிடும்.

ஐந்தாறு பேர் டீமுக்குச் சாஃப்ட்வேர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளை போர்டு போதும். ஆர்டர், அடுத்த வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதி என நான்கு கட்டம். பொறுப்பு என்ற இடத்தில் "டையிங்" என்று எழுதக்கூடாது, டையிங்கைத் துரத்த வேண்டிய நம் ஆளின் பெயர் வேண்டும். தேதி மாறினால் பழையதை அழிக்காமல் குறுக்கே கோடு போட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். ஒரே வரியில் மூன்று கோடு விழுந்தால் முதலாளியே நேரில் போக வேண்டிய வேலை அது. காலையில் நின்றபடியே பத்து நிமிடம் பார்த்தால் போதும். உட்கார்ந்தால் டீ வரும், பேச்சு நீளும்.

முதலாளியே தடையாக இருப்பதும் உண்டு. அவர் வெளிநாட்டு வணிகக் கண்காட்சியில் இருக்கும்போது 4,000 ரூபாய் எலாஸ்டிக் பில்லுக்குக் கையெழுத்து கிடைக்காமல் லைன் நிற்கும். எவ்வளவு தொகை வரை மெர்ச்சண்டைசரே முடிவெடுக்கலாம் என்று ஒரு வரம்பை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.

எல்லோரிடமும் ஐந்து நாள் முன்தள்ளிய பொய்த் தேதி சொல்லும் பழக்கம் எனக்கு ஒப்பாது. இரண்டு ஆர்டரில் அது பொய் என்று புரிந்துகொள்வார்கள்; பிறகு உண்மையான அவசரத்துக்கும் மதிப்பிருக்காது. உண்மையான தேதியையே சொல்லிவிட்டு, உபரி நாட்களை மொத்தமாக ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் வைப்பது மேல். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் உடனே முழுசாகத் திரும்ப மாட்டார்கள் என்பதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

விட்ட நாளைப் பிடிக்க எதைக் குறைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். துணியைப் பிரித்துப் போட்டு 24 மணி நேரம் ரிலாக்ஸ் ஆக விடாமல் வெட்டினால், லைக்ரா கலந்த துணியில் அளவு குறைந்துவிடும். இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயிலாகி 10,000 பீசையும் மறுபடி அளந்து பிரிக்க ஒரு வாரம் ஆகும். பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன் பையர் ஓகே செய்யும் மாதிரி பீஸ்) ஓகே ஆகாமல் கட்டிங் போடுவதும் அப்படித்தான்.

இத்தனைக்குப் பிறகும் தேதி தவறும் என்று தெரிந்தால், பையரிடம் பத்து நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அப்போது 6,000 பீஸ் குறித்த கப்பலில், மீதி அடுத்த கப்பலில் என்று பேச இடமிருக்கும். இரண்டு நாள் முன்னால் சொன்னால் ஏர் ஃபிரைட்டில், அதாவது விமானத்தில், அனுப்பச் சொல்வார், அந்தச் செலவு நம் தலையில்.