வீடு விற்ற கதையும் என் வாயும்

வீட்டை விற்பது என்று முடிவானதும் முதலில் கணக்குப் போட்டது தரகர் கமிஷனைத்தான். விலையில் 2 சதவீதம். படம் எடுத்து இணையத்தில் போட நமக்குத் தெரியாதா என்று நானே இறங்கினேன். பத்திரம், கடன் பாக்கி விவரம் எல்லாம் முன்பே எடுத்து வைத்திருந்ததால் அதில் தொல்லை இல்லை.

ஆள் வருவதிலும் குறையில்லை. 3 வாரத்தில் 20 பேராவது அழைத்தார்கள். பாதிப் பேர் தரகர்கள், அது வேறு விஷயம். வீட்டைப் பார்க்க வந்தவர்கள் 7 பேர். சிக்கல் என் வாயில் இருந்தது. “ஏன் விற்கிறீர்கள்?” என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்க, புது வீட்டுக்கு 2 மாதத்தில் பணம் கட்ட வேண்டும் என்று உளறிவிட்டேன். உடனே விலையை இறக்கிக் கேட்டார். இன்னொரு அம்மா சமையலறை இருட்டாக இருக்கிறது என்றார். 12 வருடம் சமைத்த இடம், கோபம் வராதா? வாதாடியே அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு தரகரிடம் போனேன். அவர் சொன்ன விலை நான் நினைத்ததைவிடக் குறைவு. எனக்குச் சந்தேகம். 100க்குப் போக வேண்டியது 95க்குப் போனால் எனக்கு நஷ்டம் 5, அவருக்குக் கமிஷனில் குறைவது வெறும் 0.1. சீக்கிரம் முடிவதுதானே அவருக்கு லாபம்? அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளின் முடிந்த விலையைக் காட்டச் சொன்னேன். காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் ஆசைப்பட்டுச் சொன்ன விலையைத்தான் நான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்!

ஒப்பந்தத்தில் 2 விஷயங்களில் பிடிவாதமாக நின்றேன். அவர் மட்டுமே விற்கலாம் என்ற உரிமை 3 மாதத்துக்குத்தான். நான் ஏற்கெனவே பேசிய 7 பேரில் யார் வாங்கினாலும் கமிஷன் கிடையாது. பெயர்களை எழுதியே கொடுத்தேன்.

கடைசியில், விலையை இறக்கிக் கேட்ட அதே ஆள் 4 வாரம் கழித்து எனக்கே அழைத்தார். கமிஷன் மிச்சம்தான், ஆனால் அவரோடு மறுபடி உட்கார்ந்து பேரம் பேச எனக்குத் தைரியம் இல்லை. கமிஷனில் கால்வாசியைத் தருகிறேன், நீங்களே பேசிவிடுங்கள் என்று தரகரிடம் சொன்னேன். சரி என்றார். பேச்சு நடந்த அன்று என்னை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட விடவில்லை.