ரைட்டிங்கில் 6, அப்புறம் 7: நடுவில் நான் மாற்றியது ஒரு சொல் நிற்கும் இடத்தை

போன வாரம் ரிசல்ட் வந்தது. வெளிநாட்டில் படிக்கக் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில், எழுத்துப் பகுதியான ரைட்டிங்கில் 7. முதல் தடவை எழுதியபோது இதே ரைட்டிங்கில் 6தான். மற்ற மூன்றும் (கேட்டல், வாசித்தல், பேசுதல்) ஏழுக்குக் குறையவில்லை, ஆனால் எனக்கு நான்கிலுமே 7 வேண்டியிருந்தது. அந்த ஒரு எண்ணால் பல வாரம் தூக்கம் கெட்டது. இப்போதுதான் மூச்சு சீராக வருகிறது. எல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தேர்வின் அமைப்பு, நேரக் கணக்கு எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். ‘நாட் ஒன்லி – பட் ஆல்ஸோ’, ‘ஐதர் – ஆர்’, ‘நைதர் – நார்’, ‘போத் – அண்ட்’, ‘வெதர் – ஆர்’ என்று ஜோடியாக வரும் இணைப்புச் சொற்கள். இலக்கணத்தில் கோரிலேட்டிவ் கன்ஜங்ஷன் என்பார்கள். இவற்றைத் தெரியாமல் யாரும் இந்தத் தேர்வுக்கு வருவதில்லை. எனக்கும் தெரியும் என்றுதான் நம்பியிருந்தேன்.

ரிசல்ட் தாளில் ரைட்டிங்குக்கு ஓர் எண் மட்டும்தான் இருக்கும், எங்கே தவறு என்று இருக்காது. நல்லவேளை, முதல் தேர்வு முடிந்த அன்று மாலையே டாஸ்க் 2 கட்டுரையை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். 6 வந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஆங்கிலம் கற்பிக்கும் அக்கா ஒருவரிடம் போனேன். அவர் முழுவதையும் படித்தார். கருத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பென்சிலால் நான்கு இடத்தில் கோடு போட்டார். நான்குமே ‘நாட் ஒன்லி’ வரும் வாக்கியங்கள். அதில் மூன்று ஒரே தவறு. முதலாவது இது:

‘ஆன்லைன் எஜுகேஷன் நாட் ஒன்லி சேவ்ஸ் டைம் பட் ஆல்ஸோ மணி.’

மூன்று தடவை வாசித்தேன். எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. அக்கா ஆள்காட்டி விரலை வைத்து ‘நாட் ஒன்லி’ தொடங்கி ‘பட் ஆல்ஸோ’ வரைக்கும் மறைத்தார். “இப்போ மிச்சத்தை வாசி” என்றார். மிச்சம் இருந்தது ‘ஆன்லைன் எஜுகேஷன் மணி’. வினைச்சொல் விரலுக்கு அடியில் போய்விட்டது.

அப்புறம் ஒரே ஒரு சொல்லை இடம் மாற்றினார்: ‘ஆன்லைன் எஜுகேஷன் சேவ்ஸ் நாட் ஒன்லி டைம் பட் ஆல்ஸோ மணி.’ மறுபடி விரல். ‘ஆன்லைன் எஜுகேஷன் சேவ்ஸ் மணி.’ வாக்கியம் நிற்கிறது.

நீங்கள் இதில் வேறு எதை மறந்தாலும் இந்த விரல் சோதனையை மறக்காதீர்கள். முதல் சொல்லிலிருந்து இரண்டாவது சொல் வரைக்கும் மறையுங்கள், மிச்சம் தன் காலில் நிற்க வேண்டும். விதியாகச் சொன்னால், முதல் சொல்லுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் இரண்டாவதற்குப் பின்னாலும் பெயர்ச்சொல், வினை வந்தால் வினை, ‘இன்’, ‘டு’ மாதிரி ஒன்று வந்தால் அங்கேயும் அதே மாதிரி ஒன்று. இதை பேரலலிஸம் என்று நூறு இடத்தில் படித்திருக்கிறேன். படித்தது என் கையில் இறங்கியது அந்த விரலைப் பார்த்த பிறகுதான்.

இன்னும் இரண்டு வாக்கியத்தில் செய்து பாருங்கள்:

‘ஸ்டூடண்ட்ஸ் யூஸ் லேப்டாப்ஸ் போத் இன் ஸ்கூல்ஸ் அண்ட் காலேஜஸ்.’ மறைத்தால் ‘யூஸ் லேப்டாப்ஸ் காலேஜஸ்’. விழுந்துவிட்டது. ‘இன் போத் ஸ்கூல்ஸ் அண்ட் காலேஜஸ்’ என்று எழுதலாம், இல்லையென்றால் ‘போத் இன் ஸ்கூல்ஸ் அண்ட் இன் காலேஜஸ்’. இரண்டும் சரி.

‘த கவர்ன்மென்ட் ஷுட் ஐதர் பேன் பிளாஸ்டிக் ஆர் டு டாக்ஸ் இட்.’ மறைத்தால் ‘ஷுட் டு டாக்ஸ் இட்’. அந்த ‘டு’வை எடுத்துவிட்டால் போதும்.

அன்று இரவு முழுக்க ஒரே கேள்வி. இத்தனை வருஷம் ஆங்கிலம் படித்தும் இது ஏன் என் கண்ணில் படவே இல்லை? யோசிக்க யோசிக்க, காரணம் தமிழில் இருந்தது. ‘நேரத்தை மட்டுமல்ல, பணத்தையும் மிச்சப்படுத்துகிறது’ என்கிறோம். ‘மட்டுமல்ல’ நேரத்தை விட்டு நகராது. ‘உம்’ பணத்தின் வாலிலேயே ஒட்டியிருக்கிறது. வினை கடைசியில் ஒரு தடவை வந்து இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது. ‘அம்மாவும் அப்பாவும்’, ‘இன்றோ நாளையோ’, ‘நீயாவது அவனாவது’ எல்லாம் அப்படித்தான். எதைச் சேர்க்கிறோமோ அதன் மேலேயே ஒட்டு விழுவதால் இடம் தவறுவது அபூர்வம். அந்த ஒட்டை எங்கே வைப்பது என்று நாம் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆங்கிலத்தில் இவை தனித்தனிச் சொற்கள். தமக்கு அடுத்தாற்போல் எது வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். நாம் பழக்கத்தில் ‘நாட் ஒன்லி’யை வினைக்கு முன்னால் போட்டுவிடுகிறோம், அது வினையைப் பிடித்துக்கொள்கிறது.

தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்திலேயே யோசி என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த ஓர் இடத்தில் நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் செய்தது நேர் எதிர். வாக்கியத்தை முதலில் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். ‘உம்’ எந்தச் சொல்லில் ஒட்டுகிறது என்று கவனிப்பேன். அந்தச் சொல்லின் ஆங்கிலத்துக்குச் சரியாக முன்னால் ‘பட் ஆல்ஸோ’. ‘மட்டுமல்ல’ ஒட்டிய சொல்லுக்கு முன்னால் ‘நாட் ஒன்லி’. தமிழில் பின்னால் ஒட்டுவது ஆங்கிலத்தில் முன்னால் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வேகமாக எழுதுகிறவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். நான் மெதுவாக எழுதுகிறவன், எனக்கு ஒத்துவந்தது.

ஆனால் ‘நைதர் – நார்’ விஷயத்தில் தமிழை நம்பாதீர்கள். ‘அவர் வரவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை’ என்று நாம் இல்லையை இரண்டு தடவை சொல்கிறோம். அதே பழக்கத்தில் ‘நைதர் ஹி டிட் நாட் கம் நார் ஹி டிட் நாட் ரிப்ளை’ என்று என் பயிற்சித் தாள்களில் எழுதியிருக்கிறேன். ‘நைதர்’ என்ற சொல்லுக்குள்ளேயே இல்லை இருக்கிறது, ‘நார்’ உள்ளேயும் இருக்கிறது. இன்னொரு ‘நாட்’டுக்கு வேலையே இல்லை. ‘ஹி நைதர் கேம் நார் ரிப்ளைட்.’ ஐந்து சொல், முடிந்தது. (விரலை வைத்தால் ‘ஹி ரிப்ளைட்’ என்று அர்த்தம் தலைகீழாக வரும், பயப்பட வேண்டாம். விரல் இலக்கணத்தை மட்டும்தான் சோதிக்கிறது.)

வினை ஒருமையா பன்மையா என்பது அடுத்த தொல்லை. ‘நீயோ நானோ போகணும்’ என்று சொல்லித் தமிழில் தப்பித்துவிடலாம், ‘போகணும்’ யாருக்கும் மாறாது. ஆங்கிலம் விடாது. ‘ஐதர் – ஆர்’, ‘நைதர் – நார்’, ‘நாட் ஒன்லி – பட் ஆல்ஸோ’ மூன்றும் எழுவாயில் வந்தால், வினைக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து வினையைப் போடுவதுதான் முறையான எழுத்தில் வழக்கம். ‘நைதர் த டீச்சர் நார் த ஸ்டூடண்ட்ஸ் வேர் ரெடி.’ இடம் மாற்றினால் ‘நைதர் த ஸ்டூடண்ட்ஸ் நார் த டீச்சர் வாஸ் ரெடி’, இதுவும் சரியே, ஆனால் காதுக்கு இடிக்கும். அதனால் பன்மையை எப்போதும் இரண்டாவதாக வைத்துவிடுங்கள். ‘போத் – அண்ட்’ வந்தால் கேள்வியே இல்லை, பன்மை. ‘ஐதர் யூ ஆர் ஐ’ என்று தொடங்கினால் ‘ஐ’யைப் பார்த்து ‘ஆம்’ போடுவதா, ‘யூ’வைப் பார்த்து ‘ஆர்’ போடுவதா என்று ஒரு நிமிடம் போய்விடும். வாக்கியத்தையே மாற்றி எழுதுங்கள்.

இனி அந்த நான்காவது கோடு. கட்டுரையில் கனம் தெரிய வேண்டும் என்று ‘நாட் ஒன்லி’யில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருந்தேன். ‘நாட் ஒன்லி ஆன்லைன் எஜுகேஷன் சேவ்ஸ் டைம்...’ அப்படி வராது. முழு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ‘நாட் ஒன்லி’ முன்னால் வந்துவிட்டால் முதல் பாதி கேள்வி வாக்கியம் மாதிரி திரும்ப வேண்டும்: ‘நாட் ஒன்லி டஸ் ஆன்லைன் எஜுகேஷன் சேவ் டைம், பட் இட் ஆல்ஸோ ரெட்யூசஸ் காஸ்ட்.’ மூன்று இடத்தைப் பாருங்கள். ‘டஸ்’ வந்ததும் ‘சேவ்ஸ்’ தன் ‘ஸ்’ஸை இழந்தது. இரண்டாவது பாதி திரும்பவில்லை. ‘பட்’டும் ‘ஆல்ஸோ’வும் பிரிந்து நடுவில் ‘இட்’ உட்கார்ந்தது. இரண்டு முழு வாக்கியம் சேர்வதால் நடுவில் கமாவும் உண்டு. பெயர்ச்சொல் இரண்டைச் சேர்க்கும்போது அந்தக் கமா தேவையில்லை.

‘நோ ஸூனர்’, ‘ஹார்ட்லி’ இரண்டும் இதே குடும்பம்தான், திரும்பும். ஆனால் அவை கதை சொல்கிறபோது வருபவை. டாஸ்க் 2வில் எனக்கு ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை.

ஜோடி மாறிப்போகும் இடங்கள், என் நோட்டிலிருந்து அப்படியே:

– ‘போத்’ வந்தால் ‘அண்ட்’. ‘ஆஸ் வெல் ஆஸ்’ கூடாது. இரண்டு பொருளுக்கு மட்டும், மூன்றுக்கு வேண்டாம்.
– ‘நைதர்’ வந்தால் ‘நார்’, ‘ஆர்’ அல்ல.
– ‘நோ ஸூனர்’ வந்தால் ‘தேன்’. ‘ஹார்ட்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’ வந்தால் ‘வென்’.
– ‘ஆல்தோ’ வந்தால் ‘பட்’ வரக் கூடாது. ஒன்றே போதும். இதை நான் பேச்சிலும் விட்டபாடில்லை.
– ‘பிட்வீன் 1990 அண்ட் 2010’, ‘ஃப்ரம் 1990 டு 2010’. இவை கன்ஜங்ஷன் இல்லை, ஆனால் வரைபடம், அட்டவணையை விவரிக்கும் டாஸ்க் 1 முழுக்க இவைதான். ‘பிட்வீன்... டு’ என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது எனக்கு.
– ‘ட்வைஸ் ஆஸ் ஹை ஆஸ்’. இரண்டு ‘ஆஸ்’.
– ‘டிஸ்கஸ் வெதர்’, ‘த குவெஸ்சன் ஆஃப் வெதர்’. இங்கெல்லாம் ‘இஃப்’ போட வேண்டாம்.

தவறு ஒரு பக்கம், எண்ணிக்கை இன்னொரு பக்கம். முந்நூறு சொல்கூட இல்லாத ஒரு கட்டுரையில் நான்கு ‘நாட் ஒன்லி’. ரைட்டிங்குக்கு மதிப்பெண் போடும் நான்கு அளவுகோல்களில் இலக்கணம் ஒன்று, கோர்வை இன்னொன்று, இரண்டுக்கும் சம எடை. ஆறாவது பேண்டின், அதாவது 6 மதிப்பெண்ணின், விளக்கத்தில் கோர்வை இயந்திரத்தனமாக இருக்கலாம் என்று ஒரு வரி வருகிறது. அதை வாசித்தபோது என் கட்டுரையையே யாரோ வைத்துக்கொண்டு எழுதியது மாதிரி இருந்தது. 6 வந்ததற்கு இதுதான் முழுக் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் நான் மனதார நம்புகிறேன்.

அதோடு, ‘மட்டுமல்ல’ என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது முதலில் சொன்னதைவிடப் பெரிதாக இருக்கும் என்று கேட்பவர் எதிர்பார்க்கிறார். தமிழிலும் அப்படித்தான். ‘நாட் ஒன்லி பென்ஸ் பட் ஆல்ஸோ பென்சில்ஸ்’ என்று எழுதினால் அந்த எதிர்பார்ப்பு ஏமாந்துபோகும். இரண்டும் சம கனமென்றால் வெறும் ‘அண்ட்’ போதும், ரொம்ப அழகாகவும் இருக்கும். ஒரு கட்டுரைக்கு இப்படிப்பட்ட ஜோடி அதிகபட்சம் இரண்டு, அவையும் வெவ்வேறு ஜோடியாக. இது நானே போட்டுக்கொண்ட கணக்கு.

பயிற்சி பெரிதாக ஒன்றுமில்லை. புதுக் கட்டுரை எழுதுவதைப் பாதியாகக் குறைத்தேன். பழைய கட்டுரைகளை எடுத்து, ஜோடிச் சொல் வரும் வாக்கியங்களை மட்டும் வட்டம் போட்டு, விரல் வைத்து வாசித்தேன். முதல் நாள் பதினோரு வாக்கியத்தில் ஏழு விழுந்தன. அன்றிலிருந்து தினமும் பத்து வாக்கியம், வாய்விட்டு. கண் தாண்டிப்போவதைக் காது பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது தேர்வு நாள். தலைப்பு நகரங்களைப் பற்றியது என்று மட்டும் சொல்கிறேன். இந்தத் தடவை டாஸ்க் 2வை முதலில் எழுதினேன், அதற்கு இரட்டை எடை என்பதால். டாஸ்க் 1 முடிந்தபோது நான்கு நிமிடம் மிச்சம். சொல் எண்ணிக்கை திரையில் தெரிந்ததால் எண்ணுகிற வேலை இல்லை. நேராக ஜோடிகளைத் தேடினேன். இரண்டு டாஸ்கிலும் சேர்த்து மொத்தம் மூன்று. விரலைத் திரையில் வைத்தேன். முதலாவது நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவது, முடிவுரைக்கு முந்தைய பத்தியில்: ‘சிட்டீஸ் ஷுட் ஐதர் இன்வெஸ்ட் இன் ட்ரெயின்ஸ் ஆர் இன் பஸஸ்.’ மறைத்தால் ‘சிட்டீஸ் ஷுட் இன் பஸஸ்’. அத்தனை நாள் பழகியும் கை பழைய இடத்துக்கே போயிருக்கிறது. ‘ஐதர்’ரை வெட்டி ‘இன்வெஸ்ட்’டுக்குப் பின்னால் ஒட்டினேன். மறுபடி விரல் வைத்தேன். ‘சிட்டீஸ் ஷுட் இன்வெஸ்ட் இன் பஸஸ்.’ கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. வேறு எதையும் தொடாமல் கையை எடுத்துவிட்டேன்.