ஓடாத புல்வெட்டிகளை வாங்கிச் சீர்செய்து விற்பது

பழுதாகி ஒதுக்கப்பட்ட புல்வெட்டி இயந்திரங்களை வாங்கி, வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்து, ஓடும் நிலையில் விற்பது நான் பல பருவங்களாக விடாமல் செய்துவரும் வேலை. இதைப் பற்றி விசாரிப்பவர்கள் என்னென்ன கருவிகள் வேண்டும், எவ்வளவு தேறும் என்ற கேள்விகளில் இருந்துதான் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில், இதில் வரும் லாபமும் நட்டமும் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகின்றன. எதை வாங்குவது, எதை விட்டுவிட்டு வருவது, வாங்கியதில் எதை முதலில் சோதிப்பது என்ற மூன்றிலும் தெளிவு வந்துவிட்டால், மீதி வேலை செய்யச் செய்யக் கைக்குப் பழகிவிடும்.

தள்ளிக்கொண்டே வெட்டும் வகைப் புல்வெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒற்றைச் சிலிண்டர் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்தான் இருக்கிறது. காற்றும் எரிபொருளும் சரியான விகிதத்தில் கலந்து உள்ளே வரவேண்டும். அந்தக் கலவை போதிய அழுத்தம் பெறவேண்டும். உரிய கணத்தில் தீப்பொறி விழவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடியே ஆகவேண்டும். என்னிடம் வரும் இயந்திரங்களில் மிகுதியானவற்றில் உலோகப் பாகம் எதுவும் உடைந்திருப்பதில்லை. வெட்டும் பருவம் முடிந்ததும் டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலுடனேயே ஓரமாக நிறுத்தியிருப்பார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும்; அந்த ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எளிதில் ஆவியாகும் பகுதி சில மாதங்களுக்குள் பறந்துபோக, எஞ்சியது கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளில் பிசினாகப் படிந்துவிடும். அடுத்த பருவத்தில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோன உரிமையாளர், எஞ்சினே போய்விட்டது என்று முடிவுகட்டி விற்றுவிடுகிறார்.

ஆகவே வாங்கப் போகும்போது நான் முதலில் கேட்பது, இயந்திரம் கடைசியாக எப்படி நின்றது என்பதைத்தான். "போன முறை நன்றாக ஓடியது, இந்த முறை எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை" என்று சொன்னால் பெரும்பாலும் கார்புரேட்டரோடு வேலை முடிந்துவிடும். "வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஏதோ தட்டியது, உடனே நின்றுவிட்டது" என்று சொன்னால், பிளேடு கல்லிலோ வேரிலோ மோதியிருக்கிறது என்று பொருள். அப்போது ஃப்ளைவீல் என்னும் கனமான சுழல்சக்கரத்தைத் தண்டோடு பொருத்திவைக்கும் ஃப்ளைவீல் கீ அறுந்திருக்கலாம். பிளேடைச் சுழற்றும் எஞ்சின் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வளைந்தும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மிகப் பெரியது. கீ மிகச் சிறிய, மலிவான பாகம். கிராங்க் வளைந்திருந்தால் எஞ்சினை முழுவதுமாகப் பிரிக்கவேண்டும். அந்த இயந்திரத்தை உதிரிபாகங்களுக்காக மட்டுமே வாங்கலாம்.

வளைவைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஸ்பார்க் பிளக்கையே கழற்றி வைத்துவிட்டு, இயந்திரத்தைச் சாய்த்து, ஒருவர் கயிற்றை மெதுவாக இழுக்க, மற்றவர் எட்ட நின்று பிளேடின் நடுவிலுள்ள போல்ட்டைப் பார்த்தால் போதும். போல்ட்டின் தலை ஒரே இடத்தில் நின்று சுழன்றால் நல்லது; வட்டமடித்துத் தள்ளாடினால் அந்த இயந்திரத்தை ஓடும் பொருளாக நான் கணக்கில் சேர்ப்பதில்லை. சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் இருக்கும் பக்கம் மேல்நோக்கி இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றிச் சாய்த்தால் எஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, இல்லாத பழுது ஒன்று இருப்பதுபோல் வெள்ளைப் புகை கிளம்பும்.

அடுத்து ஆயில் அளவுகோலை உருவிப் பார்ப்பேன். கறுத்திருந்தால் கவலை இல்லை, மாற்றிவிடலாம். பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தாலோ, அளவுக்கு மேல் ஏறியிருந்தாலோ, கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் சிலிண்டர் வழியே கீழே கசிந்திருக்கிறது. ஆயிலே இல்லாமல் வறண்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுவது நல்லது. பிளேடை மூடியிருக்கும் அடித்தகட்டையும் விரலால் தட்டிப் பார்ப்பேன். மேல் துரு சுரண்டினால் போய்விடும். துரு அரித்து ஓட்டை விழுந்த தகட்டை விற்பனைக்கு ஏற்றதாக நான் நினைப்பதில்லை. பிளேடு எறியும் கல் அந்த ஓட்டை வழியாக வெளியே வரும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பெட்ரோலை முழுவதுமாக வடித்துவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றுகிறேன். அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்றும்போதே பாதிச் செய்தி தெரிந்துவிடும். நல்ல நிலையில் இருப்பது பளபளப்பாக இருக்கும். பல மாதம் பெட்ரோல் தேங்கியதில் பழுப்பு நிறப் படலமும், தண்ணீர் நின்றதில் வெள்ளைப் பொடியும் இருக்கும். சில மாடல்களில் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டே, பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டாகவும் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் தலைமுடி அளவுக்கே உள்ள ஒரு துளையை, இது வெறும் போல்ட் என்று நினைத்துத் துடைத்து வைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். அந்தத் துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவேண்டும். வட்டமாக ஒளி தெரிந்தால் சுத்தம்; பிறைபோல் தெரிந்தாலே அடைப்பு இருக்கிறது. மின்கம்பியிலிருந்து உரித்த ஒற்றைத் தாமிர இழையை விட்டுத் தள்ளி, கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, மறுபடியும் வெளிச்சத்தில் பார்ப்பேன். எஃகு ஊசியையோ டிரில்லையோ அங்கே விடக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை சற்றே அகன்றாலும் கலவையின் விகிதம் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, ஆனால் ஒரே சீராக ஓடாமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால், அதற்கும் காரணம் பெரும்பாலும் இந்தத் துளைகள்தான். பெட்ரோல் போதாமல் வேகம் குறைகிறது, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற அமைப்பு உடனே கலவை உள்ளே போகும் வழியான த்ராட்டிலைத் திறக்கிறது, வேகம் கூடியதும் மூடுகிறது, மறுபடியும் குறைகிறது. இதைப் பார்த்துவிட்டுக் கவர்னர் ஸ்பிரிங்கை முறுக்கிச் சரிசெய்ய முயல்பவர்கள் நோயை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மருந்து கொடுக்கிறார்கள். துளைகள் சுத்தமாக இருந்தும் இந்த ஏற்ற இறக்கம் தொடர்ந்தால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் வழியே காற்று கசிகிறதா என்று பார்க்கவேண்டும். மலிவாகக் கிடைக்கும் புதிய கார்புரேட்டரை அப்படியே மாட்டிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பழையது அரிக்கப்படாமல் இருக்கும்வரை நான் அதைச் சுத்தம் செய்யவே விரும்புகிறேன். அதன் துளைகள் அந்த எஞ்சினுக்கென்றே அளவெடுத்துப் போடப்பட்டவை.

பெட்ரோல் சரியாக வந்தும் எஞ்சின் பற்றவில்லை என்றால் தீப்பொறிக்குப் போகிறேன். தீப்பொறியே இல்லாவிட்டால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைக் குறைசொல்வதற்கு முன் அதிலிருந்து கைப்பிடி விசை வரை போகும் நிறுத்தக் கம்பியைத் தற்காலிகமாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். அந்தக் கம்பியின் உறை தேய்ந்து எங்காவது உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், விசையை அழுத்தினாலும் எஞ்சின் நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். சோதனை முடிந்ததும் பழுதைச் சரிசெய்து அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டியே ஆகவேண்டும். அதை மாட்டாமல் விற்பது, நிறுத்த முடியாத இயந்திரத்தை இன்னொருவர் கையில் கொடுப்பதாகும்.

தீப்பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, இருந்தும் கயிறு கையிலிருந்து வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கிறது அல்லது கார்புரேட்டர் வழியே "டப்" என்று வெடிக்கிறது என்றால் ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்ப்பேன். ஃப்ளைவீலிலுள்ள காந்தம் காயிலைக் கடக்கும் கணத்தில்தான் தீப்பொறி பிறக்கிறது. அந்தக் கணத்தைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு பொருத்திவைப்பது அந்தச் சிறிய கீ. பல எஞ்சின்களில் அது வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டிருக்கிறது. பிளேடு சட்டென்று நின்றுபோக, ஃப்ளைவீல் தன் வேகத்தில் தொடர்ந்து சுழல முயலும்போது கீ அறுகிறது. முழுவதும் அறுந்து இரண்டு துண்டாக இருக்கவேண்டும் என்பதில்லை. எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சிறு படி மட்டும் விழுந்திருக்கும். விரல் நகத்தை ஓட்டினால்தான் தெரியும். அந்த அளவு நகர்வே எஞ்சின் ஓடாமல் இருப்பதற்குப் போதுமானது. ஃப்ளைவீலை ஷாஃப்டின் முனையில் சுத்தியலால் அடித்துக் கழற்றாமல் அதற்குரிய புல்லரைப் பயன்படுத்தவேண்டும். திரும்பப் போடும்போது கூம்பு வடிவப் பரப்பை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு இறுக்கவேண்டும். ஃப்ளைவீலை உண்மையில் பிடித்திருப்பது அந்தக் கூம்புப் பிடிதான்.

அழுத்தத்தைச் சோதிப்பவர்களுக்கு ஒரு செய்தி. இத்தகைய பல எஞ்சின்களில், கயிற்றை எளிதாக இழுப்பதற்காக, மெதுவாகச் சுழலும்போது ஒரு வால்வைச் சற்றே திறந்துவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதனால் கேஜில் அளவு குறைவாகக் காட்டினாலே எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. முதலில் வால்வு இடைவெளியைப் பார்க்கவேண்டும். எடுத்துக்காட்டாக, பரவலாகக் காணப்படும் ஹோண்டா ஜிசிவி160 எஞ்சினில் உள்வால்வுக்கு 0.15 மி.மீ., வெளிவால்வுக்கு 0.20 மி.மீ. இருக்கவேண்டும். எஞ்சின் எந்த நிறுவனத்துடையது என்பதோடு அதன் மாடல் எண்ணையும் குறித்துவைத்துக்கொண்டால் இந்த அளவுகளும் பொருத்தமான உதிரிபாகங்களும் எளிதில் கிடைக்கும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களில் அடித்திருக்கும் குறியீட்டு எண்ணின் முதல் 6 இலக்கங்கள் தயாரித்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் காட்டுகின்றன. இயந்திரத்தின் வயதைப் பற்றி விற்பவர் சொல்வதைச் சரிபார்க்க எனக்கு இது பலமுறை உதவியிருக்கிறது.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து விற்பவர்களோடு நான் இங்கேதான் வேறுபடுகிறேன். 53 செ.மீ. நீளமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுழன்றால், அதன் நுனி நொடிக்கு 80 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அந்த நுனிக்கு அருகில்தான் வாங்குபவரின் பாதம் இருக்கப்போகிறது. ஆகவே ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒவ்வோர் இயந்திரத்திலும் பிளேடை எடுத்துப் பார்க்கிறேன். வளைந்ததை நிமிர்த்தி மாட்டுவதில்லை; விரிசல் கண்டதையும், காற்றை மேலே தள்ளும் பின்விளிம்பு தேய்ந்து மெலிந்ததையும் எறிந்துவிடுகிறேன். நல்லதை வைஸில் பிடித்து, முதலில் இருந்த சாய்வு மாறாமல், பெரும்பாலும் 30 டிகிரி அளவில், அரத்தால் தீட்டுகிறேன். கிரைண்டரில் வேகமாகத் தீட்டினால் விளிம்பில் நீலம் பாய்ந்து எஃகின் பதம் போய்விடுகிறது. பிறகு நடுத்துளையைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டிவிட்டால், எடை கூடிய பக்கம் தானே கீழே இறங்கும். அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் தேய்த்துச் சமன்செய்கிறேன். சமன் இல்லாத பிளேடு தரும் அதிர்வு, பேரிங்கையும் பொருத்தியிருக்கும் போல்ட்டுகளையும் மெல்ல மெல்லத் தளர்த்திவிடும்.

கைப்பிடி விசையை விட்டதும் பிளேடு நிற்கிறதா என்பதையும் கவனமாகப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் 1982-இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, நடந்துகொண்டே தள்ளும் புல்வெட்டியில் பிடியை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நின்றுவிடவேண்டும். அந்த 3 நொடியை நான் என் அளவுகோலாக வைத்திருக்கிறேன். விசையைக் கயிற்றால் கட்டிவைத்த நிலையில் வரும் இயந்திரங்கள் உண்டு. அவற்றின் பிரேக் கேபிளை மாற்றாமல் நான் வெளியே விடுவதில்லை. கவர்னரை முறுக்கி வேகத்தைக் கூட்டி, எஞ்சின் வலுவாக இருப்பதுபோல் காட்டி விற்பதும் இதே அளவு ஆபத்தானது.

மின்சாரத்தில் ஓடுபவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒயருடன் வருபவற்றில் கார்பன் பிரஷ், சுவிட்ச், ஒயர் முறிவு ஆகிய மூன்றைத் தாண்டிப் பழுது வருவது அரிது. பேட்டரியில் ஓடுபவற்றில் பேட்டரியே பெரும்பங்கு விலை. அது செத்திருந்தால் மாற்று பேட்டரி கிடைக்கும் மாடலாக இருந்தால் மட்டும் வாங்குகிறேன். லித்தியம் அயான் பேட்டரியை உடைத்துத் தனி செல்களை மாற்றும் வேலையில் நான் இறங்குவதில்லை.

வாங்குவதற்கு வெட்டும் பருவத்தின் முடிவும், விற்பதற்கு அதன் தொடக்கமும் ஏற்ற காலம். விற்பதற்கு முன் ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாற்றி, திறந்த வெளியில் நெடுநேரம் ஓட்டி, உண்மையான புல்லில் வெட்டிப் பார்த்துவிட்டு, ஓரிரு நாள் அப்படியே விட்டுவிடுகிறேன். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகும் எஞ்சின் குளிர்ந்தபின் மறுத்தால், அதில் இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. வாங்க வருபவர் வரும்வரை நான் எஞ்சினைத் தொடுவதில்லை. சைலென்சரில் கைவைத்துப் பார்த்துவிட்டு அவரே கயிற்றை இழுக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். எந்தப் பாகங்கள் புதியவை, எவை பழையவை, என்ன ஆயில் ஊற்றியிருக்கிறேன் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். பருவம் முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிக் கார்புரேட்டரைக் காலிசெய்யவேண்டும் என்பதையும், குழாய் இல்லாத மாடலாக இருந்தால் டேங்கை வடித்துவிட்டு அதையே செய்யவேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுகிறேன்.