மூன்று கண், நாலு பிள்ளைகள்

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

பகிர்ந்துகொள்வது பற்றி ஒரு படப் புத்தகம். நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு, 32 பக்கம். எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டாயிற்று, கதைதான் கிடைக்கவில்லை. இந்த விஷயத்தில் கையில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. கஞ்ச அணில், அல்லது கஞ்ச முயல். தனியாகக் கிடந்து அழும், திருந்தும், கடைசிப் பக்கத்தில் எல்லாரும் கைகோத்து நிற்பார்கள். பிள்ளைகள் தங்கள் பொம்மையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் இதைக் கேட்கிறார்கள்.

காலையில் சித்திரைக் கனி பார்த்து முடித்ததும் வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஒரு பொம்மை பஸ்ஸுக்கு அண்ணனும் தம்பியும் மல்லுக்கட்டினார்கள். "நல்ல பிள்ளைல்லா, தம்பிக்குக் குடு" என்றாள் அம்மாக்காரி. கொடுத்தான். கொடுத்த கையோடு அம்மா முகத்தைத்தான் பார்த்தான். தம்பி பக்கம் திரும்பவே இல்லை. இதைப் பறிமுதல் என்றுதான் சொல்ல வேண்டும். என் புத்தகத்தில் பெரியவர் குறுக்கே வரக் கூடாது.

ஏப்ரல் 17, புதன்

பழசைப் புரட்டினேன். புறநானூறு 182, இந்திரரின் அமிழ்தமே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்களால்தான் இந்த உலகம் நிற்கிறது என்கிறது. குறள் 527-இல் காக்கை இரையை ஒளிக்காமல் கரைந்து உண்கிறது. இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் நாலு வயசுக்காரிக்கு உலகம் நின்றால் என்ன, போனால் என்ன?

காக்கை என்றதும் காக்காக் கடி நினைவு வந்தது. கடலை மிட்டாயைச் சட்டை நுனியில் சுற்றி, துணியோடு சேர்த்து ஒரு கடி. உடைந்த துண்டு கூட்டாளிக்கு. துணி இருப்பதால் எச்சில் இல்லை என்பது சட்டம். பிள்ளைகளே கண்டுபிடித்த வழி, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் மொத்தமும் ஒரே ஒரு செய்கை. இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

திருச்செந்தூர் சாலையில் ஸ்ரீவைகுண்டம் தாண்டி நுங்குக் கடை. கடை என்றால் ஒரு குலைக் குவியல், ஒரு சாக்கு, ஓர் ஆச்சி, அவள் கையில் அரிவாள். காரிலிருந்து நாலு பிள்ளைகள் இறங்கினார்கள். ஆச்சி காயின் தலையை ஒரே சீவாகச் சீவினாள். வெள்ளை வெளேரென்று மூன்று கண். பெரியவள் விரலை வைத்து எண்ணிவிட்டாள். ஆளுக்கு ஒரு கண்ணாகக் கட்டைவிரலை விட்டு நோண்டினார்கள், தண்ணீர் மூக்கில் தெறித்தது. கடைக்குட்டிக்கு இல்லை.

"ஆச்சி, எனக்கு?"

"பொறுய்யா, அடுத்த காயச் சீவிப் பாப்போம்."

அடுத்த காயில் இரண்டே கண். நுங்கில் அப்படித்தான், மூன்று இருப்பது வழக்கம், இரண்டும் வரும், ஒற்றையும் வரும், சீவும் வரை தெரியாது. குட்டி ஒன்றைத் தின்றான். இன்னொன்று அப்படியே இருந்தது. நாலு பேரும் அதையே பார்த்தார்கள். அதற்குள் வீட்டுக்காரர் ஹாரன் அடித்துவிட்டார், என்ன ஆனது என்று நான் பார்க்கவில்லை.

பார்க்காததே நல்லது. கதை அங்கேதான் இருக்கிறது.

ஏப்ரல் 25, வியாழன்

டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், கட்டினேன். ஒரு ஃபாரம், அதாவது மடித்த அச்சுத் தாள், 16 பக்கம். இரண்டு ஃபாரம், நடுவில் பின் அடித்தால் புத்தகம். தலைப்பு, பதிப்பு விவரம் போக மிச்சம்தான் கதைக்கு. ஓங்கிய அரிவாள் எப்போதும் வலப்பக்கத்தில், அதாவது ஒற்றைப்படைப் பக்கத்தில் வர வேண்டும். புரட்டினால்தான் கண்கள் தெரியும். பிள்ளையின் கையே காயைச் சீவுகிறது. இந்த வேலையை நுங்கு தானாகவே செய்துகொடுக்கிறது, நான் யோசித்துச் செய்ததில்லை.

மூன்று கண், நாலு பேர்: ஒன்று குறைகிறது. ஐந்து கண், நாலு பேர்: ஒன்று மிஞ்சுகிறது. குறைவதைவிட மிஞ்சுவதுதான் பெரிய சிக்கல் என்று எனக்குப் படுகிறது. குறைந்தால் அடுத்த காய் இருக்கிறது. மிஞ்சியதை என்ன செய்ய?

ஓவியருக்கு வேறு கவலை. காயின் கருநீலத்துக்குப் பிரச்சினை இல்லை, சுளையின் கண்ணாடித்தன்மைதான் வரமாட்டேன் என்கிறது. வாட்டர்கலரில் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டு, ஓரத்தில் மட்டும் லேசாகச் சாம்பல் ஓட்டிப் பார்க்கிறேன் என்றார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

தெருப் பிள்ளைகளுக்கு டம்மியை வாசித்துக் காட்டினேன். ஐந்தாவது கண் வந்ததும் நிறுத்தினேன்.

"நான்தான் திம்பேன், எனக்குப் பசிக்கி" என்றான் ஒருவன். யாரும் அவனைத் திட்டவில்லை. "குட்டிக்கு, அவன்தான ரொம்ப நேரம் நின்னான்" என்றாள் இன்னொருத்தி. நியாயம். அப்புறம் ஒரு சின்னது, "ஆச்சி திங்கவே இல்லையே" என்றது. நான் எழுதிய பக்கம் முழுக்க ஆச்சி சீவிக்கொண்டே இருக்கிறாள், ஒரு வாய் தின்னவில்லை.

ஐந்தாவது ஆச்சிக்கு. தின்று முடித்த இரண்டு காய்களில் குச்சி சொருகி, கவட்டைக் கம்பு வைத்தால் நுங்கு வண்டி. ஒரு வண்டி, நாலு பேர். அடுத்த சண்டைக்கு அதுவே போதும்.

மே 2, வியாழன்

எடிட்டர் கூப்பிட்டார். கதை பிடித்திருக்கிறதாம். கடைசிப் பக்கத்தில் "எல்லாரும் பகிர்ந்து உண்டார்கள்" என்று ஒரு வரி சேர்க்கலாமா என்றார். முடியாது என்றேன். ஆச்சி வாயில் நுங்குத் தண்ணீர் ஒழுகும் படத்துக்குக் கீழே அது எதற்கு? சரி என்றவர், அட்டைப்படத்தில் அரிவாள் மட்டும் வேண்டாம், பெற்றோர் பயப்படுவார்கள் என்றார். அரிவாள் இல்லாமல் நுங்கைப் பல்லாலா கடிப்பது? கடைசியில் உள்ளே அரிவாள், அட்டையில் வண்டி என்று முடிவு.