ஓட்டாத நாட்களில் மட்டும் சாகிற பேட்டரி

சாவியைத் திருகினால் டக்டக்டக்டக் என்று ஒரு சத்தம், மரங்கொத்தி கொத்துவது மாதிரி. டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு மங்கிப்போகும், அவ்வளவுதான், வண்டி அசையாது. இரண்டு மாதத்துக்குள் இந்தச் சத்தத்தை மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்றும் எங்கேயோ அவசரமாகக் கிளம்பிய காலை வேளைகள் (பின்னே, அவசரமில்லாத நாளில் எந்த வண்டி மக்கர் பண்ணியிருக்கிறது). காரணத்தைக் கடைசியில் கண்டுபிடித்தது நான்தான், ஆனால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் இல்லை அது.

முதல் முறை நடந்தபோது பெரிதாக யோசிக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை, திங்கட்கிழமை காலை செல்ஃப் எடுக்கவில்லை. ஏதோ விளக்கை அணைக்காமல் விட்டிருப்பேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். என்னுடையது ஆட்டோமேடிக், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற வழியே கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணன் ஜம்பர் கேபிளோடு வந்தார், தன் வண்டியை என் வண்டியின் மூக்குக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்பு கேபிளை என் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை அவர் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினோம். கறுப்பு கேபிளின் ஒரு முனை அவர் பேட்டரியின் மைனஸில். கடைசி முனையை அவர் நேராக என் பேட்டரியின் மைனஸுக்குக் கொண்டுபோனார். “அண்ணே, அங்க வேண்டாம், எஞ்சின்ல ஏதாவது வெறும் இரும்புல மாட்டலாம்” என்று தடுத்தேன். எங்கோ படித்தது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. ஈய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், கடைசி முனையை மாட்டும்போது தீப்பொறி பறக்கும், அந்தப் பொறி பேட்டரிக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது, விஷயம் அவ்வளவுதான். “இத்தனை வருஷமா நான் அங்கதான்டா மாட்டுறேன்” என்றார் அண்ணன், ஆனாலும் நான் சொன்ன இடத்தில் மாட்டினார், பொறியும் பறந்தது. அவர் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அப்புறம் என் சாவியைத் திருகினேன், எடுத்துக்கொண்டது.

இரண்டாவது முறை மூன்று வாரம் கழித்து. மறுபடியும் இரண்டு நாள் ஓட்டாமல் வைத்திருந்த வண்டி. இந்தத் தடவை மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார், எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் எவ்வளவு தருகிறது என்றும் பார்த்தார், 14.2 வோல்ட், அதில் குறையில்லை. “பேட்டரிக்கு வயசாயிடுச்சு சார், பாதிதான் நிக்குது” என்றார். அது பொய்யில்லை, நான்கு வருடப் பழசு. புதுசு போட்டாயிற்று, 45 ஆம்பியர் ஹவர் (ஒரு ஆம்பியர் வீதம் குடித்தால் சுமார் 45 மணி நேரம் தாங்கும் என்று கணக்கு). பழைய பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றினார், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டினார். ஏன் என்று கேட்டதற்கு ஸ்பேனரைக் காட்டி, பிளஸ்ஸைத் திருகும்போது இது பாடியில் பட்டால் மைனஸ் இணைந்திருக்கும் பட்சத்தில் நேரடி ஷார்ட், ஸ்பேனரே பழுத்துவிடும் என்று விளக்கினார். நல்ல ஆள்தான், அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் ரேடியோ ரகசிய எண் கேட்டது. அந்த எண் எழுதிய அட்டை குளோவ் பாக்ஸில் எங்கோ அடியில் இருந்தது, அதைத் தேடி எடுப்பதற்குள் பாதி சாமான் சீட்டுக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் திரும்பத் திணித்து, அதோடு புது பேட்டரியின் பில், வாரண்டி அட்டை, அவர்கள் கொடுத்த தடிமனான ஒரு கையேடு எல்லாவற்றையும் மேலே வைத்து அழுத்தி மூடினேன்.

அந்த வாரம் ஒரு நாள் காலை வெயில் கண்ணில் அடிக்கிறதே என்று குளோவ் பாக்ஸிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். ஃபிரேம் வெதுவெதுப்பாக இருந்தது. வண்டி இரவு முழுக்க நின்றது கூரைக்குக் கீழே. எனக்கு அப்போதே மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை.

மூன்றாவது முறைதான் கோபம் வந்தது. நான்கு நாள் வெளியூர் போய்விட்டு வந்து பார்த்தால், ஒரு மாதம்கூட ஆகாத புது பேட்டரி, அதே டக்டக்டக். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். “ஏதாவது லைட்டை ஆன்லயே விட்டிருப்பீங்க சார்.” நான் என்ன சின்னப் பிள்ளையா, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன், எந்த விளக்கும் எரியவில்லை என்று கொஞ்சம் சூடாகவே சொல்லி வைத்துவிட்டேன். (பிறகு மன்னிப்புக் கேட்டேன், அதற்கு வருகிறேன்.)

பேட்டரியைத் தாண்டி யோசித்தது அன்றுதான். தினமும் ஓட்டினால் ஒன்றும் ஆவதில்லை, நிறுத்தி வைத்தால்தான் சாகிறது. பழையது இரண்டு நாளில் செத்தது, புதுசு நான்கு நாள் தாங்கியது. ஆக வண்டி தூங்கும்போது ஏதோ ஒன்று விழித்துக்கொண்டு கரண்ட் குடிக்கிறது. முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி 11.3 காட்டியது. 12.2 என்றாலே பாதிதான் மிச்சம் என்று கணக்கு, 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு இரவு முழுக்க சார்ஜரில் போட்டுத் தேற்றினேன்.

மறுநாள் வோல்ட், ஆம்பியர் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். திருடனைப் பிடிக்கும் வேலை தத்துவத்தில் சுலபம். பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரை வைத்தால், வண்டி குடிக்கும் கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும், எவ்வளவு என்று காட்டிவிடும். மீட்டரின் சிவப்பு வயரை வழக்கமான துளையிலிருந்து எடுத்து 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் துளைக்கு மாற்ற வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது தப்பித்தவறிக்கூட வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது, ஏனென்றால் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். செல்ஃப் எடுக்கவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை என்று நாம் சொல்கிறோமே, தானாகவே ஸ்டார்ட் ஆகிற அந்த ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் வருட காடிலாக் கார்களில் வந்தது, அதற்கு முன்னால் கம்பியை முன்பக்கம் செருகிக் கையால் சுற்றுவார்கள், எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அந்தக் காலத்து ஆட்களுக்குப் பேட்டரி செத்த திங்கட்கிழமைக் காலை பற்றிய கவலையாவது இல்லை.

முதல் நாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது, என் முட்டாள்தனத்தால். கரண்ட் அளந்துவிட்டு, சரி, வோல்டேஜையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று குமிழை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பி, சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, இரண்டு முனைகளையும் பேட்டரியின் இரு பக்கமும் வைத்தேன். படார். 10 ஆம்பியர் துளைக்கு மீட்டருக்குள் தடையென்று ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது, பேட்டரியின் பிளஸ்ஸையும் மைனஸையும் ஒரு கம்பியால் இணைத்ததற்குச் சமம் அது. மீட்டருக்குள் இருந்த ஃபியூஸ் போனது, வயர் முனையில் கறுப்பாக ஒரு மச்சம் விழுந்தது, கண்ணில் ஒன்றும் படாதது என் அதிர்ஷ்டம். அந்த ஃபியூஸை வாங்கி மாற்றுவதற்கு ஒரு நாள் போயிற்று. மனைவி எதுவும் சொல்லவில்லை, சொல்லாமல் இருந்ததுதான் பெரிய தண்டனை.

இரண்டாம் நாள் நிதானமாக ஆரம்பித்தேன். ஃபியூஸ் பெட்டி டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் இருப்பதால் கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை பார்க்க முடியும், ஆனால் கதவு திறந்திருந்தால் வண்டி தூங்காது. அதனால் கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டேன், கதவு சாத்தியிருக்கிறது என்று வண்டி நம்பிவிடும். வேலை முடிந்து கதவைச் சாத்துவதற்கு முன் அந்த நாக்கை மறுபடி விடுவித்துவிட வேண்டும், மறந்து ஓங்கிச் சாத்தினால் பூட்டுக்கு ஆபத்து. மீட்டரைப் பொருத்தியதும் 3 ஆம்பியருக்கு மேல் காட்டியது. பதறாதீர்கள், கரண்ட் வந்ததும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் எழுந்து சோம்பல் முறிக்கும், அவை திரும்பப் படுத்துத் தூங்க நேரமாகும், சில வண்டிகளில் பத்து நிமிடம், சிலவற்றில் முக்கால் மணி நேரம்கூட ஆகும். காத்திருந்தேன். 0.9-க்கு இறங்கியது. இருபது நிமிடம் கழித்து 0.44-ல் வந்து நின்றது, அப்புறம் இறங்கவே இல்லை. தூங்கும் வண்டி 0.02, 0.03 குடிப்பது சகஜம், கடிகாரம், ரிமோட் பூட்டு எல்லாம் இருக்கிறதே. 0.05 வரை பொறுத்துக்கொள்ளலாம். 0.44 என்பது ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் ஹவருக்கு மேல். 45-ல் தினமும் பத்துப் பத்தாகப் போனால் நான்காவது நாள் என்ன மிஞ்சும். பாதிதான் நிற்கும் பழைய பேட்டரிக்கு இரண்டு நாள். கணக்கு அச்சாகப் பொருந்தியதும் எனக்கு வந்த சந்தோஷம் வண்டி வாங்கிய அன்றுகூட வரவில்லை.

முதல் சந்தேகம் டேஷ்கேம் மேல். பிடுங்கினேன், எண் அசையவில்லை. பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தேன், ஒன்றைப் பிடுங்கு, மீட்டரைப் போய்ப் பார், திரும்ப வந்து செருகு. உள்ளே குனிவதும் முன்பக்கம் ஓடுவதுமாக இடுப்பு போய்விட்டது, அதைவிடக் கொடுமை, சில ஃபியூஸ்களைத் திரும்பச் செருகும்போது ஏதோ ஒரு கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்துகொள்ளும், மறுபடி இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். (ஃபியூஸைப் பிடுங்காமல் அதன் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் மில்லிவோல்ட் அளந்து, எதில் கரண்ட் ஓடுகிறது என்று பார்க்கும் வழி ஒன்று இருக்கிறது. நான் அதைத் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு.) பதினோராவது ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் பார்த்தால் 0.02. அகப்பட்டாயடா.

மூடியில் இருந்த படத்தில் அந்த ஃபியூஸுக்கு நேராக ரேடியோவும் உள் விளக்குகளும் போட்டிருந்தது. ரேடியோவின் பின்பக்கப் பிளக்கைக் கழற்றினேன், அது இல்லை. கூரை விளக்கின் பல்பை எடுத்தேன், அதுவும் இல்லை. மிச்சம் இருந்தது டிக்கி விளக்கு, மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? குளிர்சாதனப் பெட்டிக் கதவைப் பற்றி எல்லாருக்கும் சின்ன வயதில் வந்த அதே சந்தேகம். போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தேன். கும்மிருட்டு. நல்ல பிள்ளை.

அப்போதுதான் அந்தக் கறுப்புக் கண்ணாடியின் வெதுவெதுப்பு ஞாபகம் வந்தது. போனை குளோவ் பாக்ஸில் செருகி மூடினேன், மூடுவதற்கே இரண்டு கையும் ஒரு முழங்காலும் தேவைப்பட்டது. வீடியோவில், மூடி சாத்திய பிறகும், காகிதக் குவியலுக்கு மேல் மஞ்சளாக ஒரு விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே பக்கவாட்டில் மொட்டு மாதிரி ஒரு சின்ன சுவிட்ச், மூடி அதை அழுத்தினால் விளக்கு அணையும். சாமான் வயிறு முட்ட இருந்ததால் மூடியின் ஒரு ஓரம் நூலளவு வெளியே தள்ளிக்கொண்டு, கொக்கி மாட்டினாலும் மொட்டு முழுதாக அழுங்கவில்லை. 5 வாட் பல்ப், 12 வோல்ட்டில் 0.42 ஆம்பியர். எல்லாச் சாமானையும் வெளியே எடுத்துப் போட்டேன்: இரண்டு வருடம் முன்னால் காலாவதியான இன்சூரன்ஸ் காகிதங்கள், சர்வீஸ் புத்தகம் இரண்டு, செல் கசிந்து பச்சை பூத்த டார்ச், மை காய்ந்த பேனாக்கள், எல்லாவற்றுக்கும் மேலே புது பேட்டரியின் வாரண்டி அட்டையும் அந்தத் தடித்த கையேடும். பேட்டரி செத்ததற்காக வாங்கிய பேட்டரியின் காகிதங்களே மூடியை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டிருந்தன.

பாதியைத் தூக்கிப் போட்டேன். மூடினேன், 0.02. மெக்கானிக்குக்குப் போன் செய்து, “நீங்க சொன்னது சரிதாங்க, லைட்டைத்தான் ஆன்ல விட்டிருக்கேன்” என்றேன். எந்த லைட் என்று கேட்டார், சொன்னேன், வெகுநேரம் சிரித்தார்.

ரேடியோவுக்கு மறுபடி ரகசிய எண் போட்டு, கடிகாரத்தைச் சரிசெய்து, ஜன்னல் தானாக ஏறுவதை மறந்திருந்ததால் பட்டனை அழுத்திப் பிடித்து அதற்குத் திரும்பக் கற்றுக்கொடுத்து, மைனஸ் முனையை இறுக்கி பானெட்டைச் சாத்தினேன். அப்புறம் வேண்டுமென்றே ஐந்து நாள் தொடவில்லை. ஆறாம் நாள் காலை சாவியைத் திருகியதும் சட்டென்று எடுத்தது. வெயில் கண்ணில் அடித்தது, கையை நீட்டிக் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன், ஃபிரேம் சில்லென்று இருந்தது.